ஆறரை என்றால் ஏழு இருபது

தாராபுரத்திலிருந்து பெரியம்மா மகன் போன வாரம் போன் செய்தான். பெரியம்மா வாசலில் வழுக்கி விழுந்து, இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். "ஏனுங்ணா, சின்னம்மாவைப் பாத்துக்க வர்றாங்களே, அந்த ஏஜென்சி எப்படிங்? நம்பி வெக்கலாமுங்களா?" என்றான். பத்து நிமிடம் பேசியதில் எட்டு நிமிடம் திட்டினேன். மீதி இரண்டு நிமிடம் அங்கிருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிற அக்காவைப் புகழ்ந்தேன். அவன் குழம்பிப் போய் வைத்துவிட்டான். அவனுக்காகத்தான் இது.

அம்மாவுக்கு 74 வயது. பக்கவாதத்தில் இடது கையும் காலும் வராமல் போய்விட்டது, பேச்சு தெளிவாக இருக்கிறது. கோபியில் வீடு. 14 மாதமாகக் காலையில் ஒரு வேளை, ஒன்றரை மணி நேரம், ஏஜென்சி ஆள் வருகிறார். டயாப்பர் மாற்றுவது, குளிப்பாட்டுவது, தலை சீவுவது, காலை ஆகாரம் ஊட்டுவது வரை அவர் பொறுப்பு. ஒரு விசிட்டுக்கு 450 ரூபாய், அதற்கு மேல் 'அதிகாலை சார்ஜ்' 50. இந்த ஐம்பதை மறந்துவிட வேண்டாம், பின்னால் வருகிறேன்.

மனைவிக்குப் பெருந்துறையில் ஒரு லேபில் வேலை. ஐந்தரைக்கு அம்மாவுக்கு இரவு டயாப்பரை மாற்றி, காபி கொடுத்துவிட்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்பாள். காபி குடித்தால் அம்மாவுக்கு அரை மணியில் வயிறு இளகும். நாற்பது வருடப் பழக்கம், பக்கவாதம் இதை மட்டும் தொடவில்லை. அதனால்தான் ஆறரை மணி என்று கறாராகக் கேட்டேன். "ஷார்ப்பா ஆறரைக்கு ஆள் நிக்கும் சார்" என்றார்கள்.

ஆறரைக்கு ஷார்ப்பாக வருவது ஏஜென்சிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் போடும் ரோஜாப்பூ குட்மார்னிங் மட்டும்தான். அந்த அக்கா வருவது ஏழு இருபதுக்கு. ஒருநாள் ஏழேகால், ஒருநாள் ஏழரை. போன் செய்தால் "வந்துட்டே இருக்காங்க சார்". பதினான்கு மாதமாக வந்துட்டே இருக்கிறார்கள்.

அவர் மேல் தப்பில்லை. சத்தியமங்கலம் ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். மகளிருக்குக் கட்டணம் இல்லாத டவுன் பஸ்ஸின் முதல் நடையே அவர் ஊரை ஆறரைக்கு மேல்தான் தாண்டும். அந்தப் பஸ்ஸை விட்டுப் போகவர வேறு வழி பார்த்தால் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். இது ஏஜென்சிக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் ஆறரைக்கு ஒப்புக்கொண்டு, அதிகாலை சார்ஜும் போட்டிருக்கிறார்கள். வண்டிச் செலவை நான் கொடுக்கிறேன் என்றேன். ஸ்டாஃப் கையில் நேராகப் பணம் கொடுக்கக் கூடாதாம், ரூல்ஸாம். சரி, ஏழரை என்றே மாற்றி எழுதி அந்த ஐம்பதை எடுத்துவிடுங்கள் என்றேன். ஏழரை ஸ்லாட் ஃபுல் சார் என்கிறார்கள். ஏழு இருபதுக்கு வருகிற ஆளுக்கு ஏழரை ஸ்லாட் ஃபுல்! நான் உரக்கடைக்காரன். ஐம்பது கிலோ மூட்டையில் அரைக் கிலோ குறைந்தால் விவசாயி கடைவாசலில் நின்று என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும். இவர்களிடம் அப்படிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஐம்பது நிமிடத்தில் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருப்போம். அம்மா பெரும்பாலும் சொல்ல மாட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். போன மார்கழியில் ஒருநாள் ஏழு மணி தாண்டியும் ஆள் வராததால் நானே மாற்றினேன். அவர் நல்ல கையால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டே துடைத்தேன். வெந்நீர் வைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, பச்சைத் தண்ணீர். அப்புறம் ரவிக்கை. நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டு, வராத கையைப் பின்னால் வளைத்து இழுத்தேன். அம்மா "ஸ்ஸ்" என்றார், அவ்வளவுதான். தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.

அன்று அந்த அக்கா வந்து தோளைத் தொட்டுப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "ஏனுங்ணா, போடறப்ப வராத கைக்கு மொதல்ல போடோணும். கழட்டறப்ப நல்ல கையில மொதல்ல கழட்டோணும். ஆத்தாளோட அந்தக் கைக்குத் தன்னைக் காப்பாத்திக்கத் தெரியாதுங்ணா, வெடுக்குனு இழுத்தா எறங்கிப் போயிரும்." மறுநாளே ரவிக்கையை நிறுத்தி, முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு வாங்கி வரச் சொன்னார்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் திட்ட வந்தது மறந்துபோகும். படுக்கையில் ஆள் இருக்கும்போதே விரிப்பு மாற்றுவார். அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பழைய விரிப்பை முதுகோரமாகச் சுருட்டி, புதியதைப் பாதி விரித்து, இந்தப் பக்கம் புரட்டி மறுபாதியை இழுத்துச் செருகினால் முடிந்தது. ஒரு சுருக்கம் இருக்காது. சுருக்கம் இருந்தால் அதுவே புண்ணாகுமாம். தினமும் குதிகால், இடுப்பு, முதுகுத்தண்டின் அடி மூன்றையும் பார்ப்பார். சிவந்திருந்தால் விரலால் அழுத்துவார். அழுத்தி எடுத்ததும் வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை, வெளுக்காமலே இருந்தால் படுக்கைப்புண் ஆரம்பம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க எங்களுக்கு அவர்தான் பழக்கினார். பதினான்கு மாதத்தில் ஒரு புண் இல்லை. அரிசிம்பருப்பு சாதத்தைக் குழைத்து ஊட்டியதும் படுக்கவிட மாட்டார், அரை மணி நேரம் சாய்த்து உட்காரவைப்பார். தாமதமாக வந்தாலும் நேரத்தைக் குறைப்பதில்லை, ஒன்பதுக்குத்தான் கிளம்புவார். கொடிவேரி அணையில் தடப்பள்ளிப் பாசன வாய்க்காலுக்குத் தண்ணீர் விட்டு, விவசாயிகள் உரத்துக்கு வரும் சீசனில் என் கடை ஒன்பது மணிக்குத் திறந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பாரியூர் கோயில் குண்டத்துக்கும் பண்ணாரி கோயில் குண்டத்துக்கும், அதாவது தீமிதித் திருவிழாக்களுக்கு, அவர் லீவு, நியாயம்தான். மாற்றாள் என்று ஏஜென்சி அனுப்பிய பெண் ஆறரைக்கு டாண் என்று வந்தார். சிவந்த இடத்தில் எண்ணெய் தடவிப் பரபரவென்று தேய்த்தார். அதைச் செய்யவே கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாரே என்றேன். "எல்லாரும் இப்படித்தான் செய்வோம் சார்" என்றார். மறுநாள் வேண்டாம் என்றுவிட்டேன்.

இன்னொன்று. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கும்போது எதற்குக் காசு கொடுத்து ஆள் என்று என் சொந்தத் தம்பி கேட்டான். அம்மாவின் பிரஷர் மாத்திரை அதில்தான் வீட்டுக்கு வருகிறது, பிசியோதெரபி செய்யவும் வந்திருக்கிறார்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் தினமும் காலையில் வந்து கழுவிக் குளிப்பாட்டுவது அதில் இல்லை. அது தனி வேலை, தனி ஆள்தான். பெரியம்மாவுக்கு ஆள் வைத்தால், தாழ்வான ஸ்டூலில் உட்காரவைக்காமல் இருக்கிறாரா என்று முதல் நாளே பார். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு எந்த உயரத்தில் உட்காரலாம் என்று டாக்டரிடம் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டு.

எனவே தம்பி, இந்த ஏஜென்சி வேண்டாம். ஸ்டார் கொடுக்கச் சொன்னால் ஒன்றுதான் கொடுப்பேன், அதுவும் அந்த அக்காவுக்காக. தாராபுரத்திலேயே நடந்து வருகிற தூரத்தில் ஆள் கிடைக்கிறாரா என்று விசாரி.

இன்று காலை ஏழு இருபத்துநாலு. செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மா சுவர்ப் பக்கமிருந்து முகத்தைத் திருப்பி, "அம்மணி, வந்துட்டயா சாமி" என்றார். அடுத்த மாத அட்வான்ஸை நேற்றே அனுப்பிவிட்டேன், அந்த ஐம்பதையும் சேர்த்து.