மூணு படுக்கை வாங்கினோம், இப்ப ஊருக்கு எங்ககூட வர்றது ஒண்ணுதான்

பொண்ணுக்கு அடுத்த மாசம் நாலு வயசு முடியுது. நாங்க இருக்கறது சென்னை, மாமியார் வீடு தென்காசி பக்கம் ஒரு கிராமம், எங்க அம்மா வீடு தஞ்சாவூர், இதுபோக கல்யாணம் காதுகுத்துன்னு வருஷத்துக்கு ஏழெட்டு தடவை பையைத் தூக்கிடுவோம். போற எடத்துல பிள்ளையை எங்க படுக்க வைக்கிறதுங்கறதுதான் எங்களுக்கு முதல் கவலையா இருந்துச்சு. இந்த மூணு வருஷத்துல மூணு விதமான படுக்கை வாங்கி, மூணையும் நல்லா பயன்படுத்திட்டுத்தான் எழுதறேன். கம்பெனி பேர் எதுவும் சொல்லல, ஒரே டிசைன்ல பத்து பேர்ல விக்கறாங்க, எந்த வகை எந்த வயசுக்கு ஒத்து வரும்னு தெரிஞ்சாலே போதும்.

முதல்ல வாங்கினது ட்ராவல் காட், நாலு பக்கமும் மெஷ் வெச்சு பெட்டி மாதிரி இருக்குமே அது. பாப்பாவுக்கு எட்டு மாசம் அப்போ. ஒரு வயசு ஒன்றரை வயசு வரைக்கும் இதை அடிச்சுக்க ஆள் இல்ல, உள்ள விட்டுட்டு நான் நிம்மதியா குளிச்சிட்டு வருவேன், மெஷ் வழியா காத்தும் வரும், நாம தெரியறதால பிள்ளையும் அழாது. ஆனா எடை பத்து கிலோ. கார்ல போறவங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல, நாங்க போறது பொதிகை ரயில்ல, எழும்பூர் ஸ்டேஷன் படியில ஒரு கையில பிள்ளை ஒரு கையில சூட்கேஸ்னு நிக்கறப்ப அந்தப் பத்து கிலோவை யார் தூக்கறது? என் வீட்டுக்காரர் தோள்ல மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை வந்தார், மூணாவது தடவை அது வீட்டுலயே நின்னுடுச்சு.

அதை விரிக்கறதுல ஒரு சூட்சுமம் இருக்கு, இது தெரியாம எத்தனையோ பேர் ராத்திரி பதினோரு மணிக்கு அதோட மல்லுக்கட்டறாங்க. நாங்க வாங்கின மாதிரி இருந்தா நடுத்தளத்தை முதல்ல அழுத்தவே கூடாது, அது மேல தூக்கி இருக்கும்போதே நாலு பக்க கம்பியையும் டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் இழுத்துப் பூட்டிட்டு கடைசியாத்தான் நடுவுல கையை வெச்சு கீழ அழுத்தணும். மடக்கறப்ப அப்படியே தலைகீழ், முதல்ல நடுவுல இருக்கற பட்டையைப் பிடிச்சு மேல தூக்கு, அப்புறம் கம்பி. நடுத்தளம் கீழ இருந்தா கம்பி எவ்வளவு அமுக்கினாலும் மடங்கவே மடங்காது.

இன்னொண்ணு, கூட வர்ற மெத்தை பலகை மாதிரி கெட்டியா மெல்லிசா இருக்குன்னு தனியா ஒரு பஞ்சு மெத்தை வாங்கிப் போடறாங்க. தயவுசெஞ்சு போடாதீங்க. அளவு கொஞ்சம் மாறினாலும் மெத்தைக்கும் மெஷ்ஷுக்கும் நடுவுல சந்து விழும், சின்னப் பிள்ளை அதுல மூஞ்சி மாட்டினா திரும்பத் தெரியாது. கெட்டியா சமமா இருக்கறதுதான் குழந்தைக்கு நல்லது, நம்ம முதுகுக்கு சுகமா இருக்கறதை வெச்சு முடிவு பண்ணக்கூடாது.

ஒரு வயசு பத்து மாசத்துல பாப்பா மேல் கம்பியில காலைத் தூக்கிப் போட ஆரம்பிச்சா. இந்த வகை காட்டுக்கெல்லாம் பொதுவா 89 சென்டிமீட்டர் உயரம், இல்லேன்னா ஏறிக் குதிக்கப் பழகற நாள், எது முன்னாடி வருதோ அதோட நிறுத்தணும்னு கணக்கு. எங்களுக்கு ஏறிக் குதிக்கிறது முன்னாடி வந்துச்சு, அன்னிக்கே மடக்கி பரண்ல போட்டுட்டோம்.

நடுவுல சேலைத் தொட்டிலும் கட்டிப் பாத்தோம். ஊர்ல உத்தரத்துல கொக்கி இருக்கு, என் வீட்டுக்காரர் தூங்கின அதே கொக்கி. கைக்குழந்தையா இருந்தப்ப மாமியார் பக்கத்துலயே உக்காந்து ஆட்டுவாங்க, கண்ணை எடுக்க மாட்டாங்க. ரெண்டு வயசுப் பிள்ளை அதுல எந்திரிச்சு நிக்கப் பாக்குது, தலைகுப்புற விழுந்தா அவ்வளவுதான், அதனால விட்டுட்டோம்.

ரெண்டாவது வாங்கினது காத்து மெத்தை, ஓரத்துல திண்டு மாதிரி எழும்பி இருக்குமே அந்த மாடல். ரெண்டு வயசு ஆனப்புறம்தான் வாங்கினோம், அதுல ரொம்பத் தெளிவா இருந்தோம், ஏன்னா 15 மாசமும் அதுக்குக் கீழயும் உள்ள குழந்தைகளை காத்து மெத்தையில படுக்கவே வைக்கக்கூடாதுன்னு அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கு, பிள்ளை குப்புறப் புரண்டா மூஞ்சி அந்த ரப்பர்ல அமுங்கி மூச்சு அடைச்சிடும். மடக்கினா ஒரு போர்வை அளவுதான், எடை கம்மி, ரயிலுக்கு அருமை. ஆனா ராத்திரி? பம்ப் போடற சத்தத்துல தூங்கின பிள்ளை எழுந்துக்கும், அதனால சாப்பாடு ஊட்டறதுக்கு முன்னாடியே ஊதி வெச்சிடணும். டிசம்பர்ல கொடைக்கானல் போனோம், சாயங்காலம் டிரம் மாதிரி ஊதி வெச்சது விடிகாலை மூணு மணிக்குத் தொளதொளன்னு கெடந்துச்சு. ஓட்டைன்னு நெனச்சு சோப்புத் தண்ணி தடவித் தேடினேன், ஒரு குமிழிகூட வரல, குளிர்ல உள்ள இருக்கற காத்து சுருங்கிடுது, அவ்வளவுதான். ஏசி ரூம்லயும் இதே கதை. சில மாசத்துலயே நிஜமாவே ஒரு தையல் ஓரமா காத்து இறங்க ஆரம்பிச்சு, பேட்ச் ஒட்டியும் நிக்கல.

மூணாவதுதான் இப்ப கூட வர்றது. இரும்புக் குழாய் ஃபிரேம், மேல கெட்டி கேன்வாஸ் துணி, மிலிட்டரி கட்டிலோட குட்டி வடிவம்னு வெச்சுக்கோங்க. நாலடி நீளம், ரெண்டடி அகலம், தரையில இருந்து ஒம்பது இஞ்ச் உயரம், 34 கிலோ வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கு. எடை ரெண்டரை கிலோவுக்குள்ள, குடை மாதிரி மடங்கி ஒரு நீளப் பையில போயிடும். விரிக்க பத்து செகண்ட், பம்ப் வேணாம், கரண்ட் வேணாம். ரெண்டு வயசு நாலு மாசத்துல வாங்கினது, ஒன்றரை வருஷம் ஓடிடுச்சு.

அந்த ஒம்பது இஞ்ச் உயரம் எவ்வளவு பெரிய விஷயம்னு ஊருக்குப் போனப்பதான் புரிஞ்சுது. ஆனி ஆடி மாசம் குற்றாலத்துல சாரல் அடிக்கறப்ப பழைய வீட்டுத் தரை எப்பவும் ஈரம் கசியற மாதிரியே இருக்கும். "எம்மா, பிள்ளையத் தரையில போடாத, மழை நேரம் பூரான் வந்திரும்"னு மாமியார் ராத்திரி ரெண்டு தடவை டார்ச் அடிச்சுப் பாப்பாங்க. பெரிய கட்டில்ல போட்டா உருண்டு விழுந்திருவாளோன்னு நான் தூங்க மாட்டேன். இந்தக் கட்டில் வந்தப்புறம் ரெண்டு பேரும் தூங்கறோம். தரைக்கு மேல இருக்கு, விழுந்தாலும் ஒம்பது இஞ்ச்தான், பக்கத்துல ஒரு ஜமுக்காளம் விரிச்சிருப்பேன். ரெண்டு தடவை விழுந்திருக்கா, ரெண்டு தடவையும் முழிக்கக்கூட இல்ல.

குறை இல்லாம இல்ல. கேன்வாஸ் வியர்வையை வாங்கிக்கும், சித்திரை வெயில்ல மதுரையில மண்டப ரூம்ல முதுகெல்லாம் வேர்க்குரு. இப்ப மேல தாத்தாவோட பழைய எட்டு முழ வேட்டியை நாலா மடிச்சுப் போடறேன், நல்லா உறிஞ்சுது. குளிர் ஊர்ல இதுக்கு நேர் எதிர், அடியில காத்து ஓடறதால முதுகுல குளிரும், மேல எத்தனை போர்வை போத்தினாலும் பிரயோஜனம் இல்ல, ஒரு கம்பளியை பிள்ளைக்கு அடியில போடணும். துணியைக் கழட்டித் துவைக்க முடியாது, ஒண்ணுக்குப் போயிட்டா கட்டிலோட பாத்ரூம்ல நிறுத்தி ட்யூப் பிடிச்சு கழுவி மொட்டை மாடிக்குத் தூக்கணும், சென்னையில அரை நாள்ல காயும், சாரல்ல ரெண்டு நாள் ஆச்சு. அதுலேருந்து வேட்டிக்கு அடியில ஒரு ரப்பர் ஷீட் கட்டாயம். கால்ல இருந்த பிளாஸ்டிக் மூடி ஒரு வருஷத்துல ரெண்டு கழண்டு மொசைக் தரையில கோடு விழுந்துச்சு, ஹார்ட்வேர் கடையில நாற்காலிக் காலுக்கு விக்கற ரப்பர் புஷ் வாங்கி மாட்டினோம், சரியாப் போச்சு. நடுவுல துணி கொஞ்சம் தொய்ஞ்சிருக்கு, தையல் இன்னும் கெட்டியாத்தான் இருக்கு.

கொசுவலைக்குத் தனியா ஒண்ணும் வாங்காதீங்க. கைக்குழந்தைக்கு விக்கற குடை வலை இதுக்குப் பத்தாது. பெரியவங்களுக்கு விக்கற டபுள் சைஸ் மடக்கு வலைக்குள்ள இந்தக் கட்டிலை முழுசா வெச்சு நானும் பக்கத்துல பாய் போட்டுப் படுத்துக்கறேன், ஜிப் போட்டா கதை முடிஞ்சுது.

ரயில்ல மட்டும் எதுவுமே கை கொடுக்கல. லோயர் பெர்த்தே ரெண்டடி, அதுல பிள்ளையை சுவர்ப் பக்கம் போட்டு நான் ஓரமா ஒருக்களிச்சுப் படுக்கறேன். 2022 மே மாசம் லக்னோ மெயில்ல லோயர் பெர்த்தோட ஒரு குட்டி பெர்த்தை இணைச்சு சோதனை பண்ணாங்க, ஓரத்துல தடுப்புக் கம்பியோட. அந்தப் படத்தைப் பாத்தப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். அது பொதிகைக்கும் வரணும்னு ஒவ்வொரு பயணத்துலயும் நெனச்சுக்கறேன்.

வாங்கப் போறவங்க கடையில விரிச்சுப் பாக்கறதோட விடாதீங்க, பையில போட்டு தோள்ல மாட்டி, பிள்ளையையும் இடுப்புல வெச்சு ஒரு மாடிப்படி ஏறிப் பாருங்க. ஆன்லைன்ல வாங்கறதா இருந்தா எடையை கிலோவுல போட்டிருக்கான்னு தேடுங்க, போடாத பொருளை நான் தொடறதில்ல. ஊருக்குப் போற ஒரு வாரம் முன்னாடியே வீட்டுல அதுலயே படுக்க வைங்க, அதே போர்வை, அதே தலகாணி. இதை செய்யாம முதல் தடவை நேரா தஞ்சாவூர் கொண்டு போனதுல ராத்திரி ஒரு மணி வரைக்கும் "இது என் பெட்டு இல்ல"ன்னு அழுதா.

இப்ப 101 சென்டிமீட்டர் இருக்கா, கட்டில் 122, இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓடும். அதுக்கப்புறம் தங்கச்சி பையனுக்குன்னு சொல்லி வெச்சாச்சு, அவனுக்கு இப்பதான் ஒன்றரை வயசு, அதனால பரண்ல கெடந்த பழைய ட்ராவல் காட் போன வாரம் கார்ல ஏறி தஞ்சாவூர் போயிடுச்சு.