யூரிக் ஆசிட் மீட்டர்: வீங்கிய இரவில் குத்திப் பார்க்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுன்களில்கூட விரல் நுனி ரத்தத்தில் யூரிக் ஆசிட் பார்க்கும் மீட்டர் இப்போது பார்மசியில் கிடைக்கிறது. கவுட் (யூரிக் ஆசிட் படிந்து வரும் மூட்டு வீக்கம்) என்று உறுதியாகி, யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை சாப்பிடுகிறவர் தாராளமாக வாங்கலாம். கால் பெருவிரல் வீங்கிய இரவில் 'இது கவுட்தானா' என்று பார்க்க வாங்கினால் காசு தண்டம்.

யூரிக் ஆசிட் லிட்டருக்குச் சுமார் 405 மைக்ரோமோலைத் தாண்டினால் உப்புப் படிகமாக மூட்டில் படியத் தொடங்கும். கால் பெருவிரல் குளிர்ச்சியான இடம், அதனால் அங்கே சீக்கிரம் படியும். படிகம் ஊசிபோல இருக்கும், ஆனால் வலி அது குத்துவதால் வருவதல்ல. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். ஒருநாள் மாக்ரோபேஜ் என்ற காவல் செல் அதை விழுங்கும், செரிக்க முடியாது. செல்லுக்குள் என்எல்ஆர்பி3 என்ற புரதக் கூட்டு கிளம்பி இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அபாயச் சைகையை வெளிவிடும். (சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வாளர்கள் 2006-இல் காட்டியது இது.) அதைக் கேட்டு நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் திரண்டு வரும்; விரல் சிவந்து கொதிக்கும், போர்வை பட்டாலே உயிர் போகும். கவுட் வலிக்குத் தரும் கோல்சிசின் மருந்து தடுப்பது இந்தத் திரளலைத்தான். யூரிக் ஆசிட்டை அது குறைக்காது.

வலியின் உச்சத்தில் ரத்தத்தில் யூரிக் ஆசிட் அளவு இறங்கியிருக்கலாம். மீட்டர் 'நார்மல்' காட்டும், ஆளும் ஏமாந்துவிடுவார். வலி அடங்கி இரண்டு வாரமாவது போகட்டும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை மீட்டரின் பட்டையில் (ஸ்ட்ரிப்) வையுங்கள். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் பிசகும். வைட்டமின் சி மாத்திரையும் சில பட்டைகளை ஏமாற்றும்.

பெரிய குறை பட்டைக் குப்பிதான். நம்மூர் ஈரக் காற்றில் மூடி திறந்து கிடந்தால் பட்டை கெட்டுவிடும். விலையோ சர்க்கரைப் பட்டையைவிட அதிகம். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள். அரசு கிளினிக்கில் ரத்தம் கொடுக்கும் நாளில் வீட்டிலும் ஒருமுறை எடுத்து, இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள்.

யூரிக் ஆசிட் 360 மைக்ரோமோலுக்குக் கீழே இருக்க வேண்டும், தோலடியில் கட்டி உள்ளவருக்கு 300. மில்லிகிராமில் காட்டும் மீட்டராக இருந்தால் 60-ஆல் பெருக்குங்கள். மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் எண் இறங்கும்போதே வலி வரலாம். படிகம் கரைந்து உதிர்வதால் அப்படி. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவு நிலைக்கும்வரை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், ஆகவே சின்னக் குப்பியாகவே வாங்குங்கள்.