விட்ஸ்டபிள்ல ‘தி பீட்டர் குஷிங்’ பப்: பழைய தியேட்டருக்குள்ள டீ குடிச்ச கதை

லண்டன்லேந்து ட்ரெயின்ல ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், கென்ட் கடற்கரையில விட்ஸ்டபிள்னு ஒரு சின்ன ஊரு. அங்க ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்ல இருக்கிற ‘தி பீட்டர் குஷிங்’ பத்திதான் இந்த ரிவ்யூ, பீட்டர் குஷிங்ங்கிற இங்கிலீஷ் சினிமா நடிகரோட பேர வெச்ச இடம். வெதர்ஸ்பூன் செயின்ல ஒரு பப்தான், ஆனா இத மத்த கிளைங்களோட சேத்து எண்ண எனக்கு மனசு வரல.

ஊர்லேந்து வந்திருந்த அப்பாவ கூட்டிட்டு போனேன். அவரு குடிக்க மாட்டாரு, கறி மீன் தொடவே மாட்டாரு. “என்னை ஏன்டா பப்புக்கு இழுத்துட்டு போற”ன்னு ட்ரெயின் பூரா கேட்டுக்கிட்டே வந்தாரு, நான் பேர சொன்னதும் டக்குனு நிமிந்து, “யாரு, கர்ட்டன இழுத்து வெயில உள்ள விட்டு டிராகுலாவ சாகடிப்பாரே, அவரா?”ன்னு கேட்டாரு. காலேஜ் படிக்கிறப்ப பாத்த படமாம், இன்னும் அந்த சீன் அப்படியே கண்ணுல நிக்குது அவருக்கு.

முதல்ல கட்டடம். 1936ல ஆர்ட் டெகோ ஸ்டைல்ல கட்டின ஆக்ஸ்ஃபோர்ட் சினிமா இது, அப்புறம் பிங்கோ ஹால் ஆச்சு, 2011ல பப் ஆச்சு. உள்ள நுழைஞ்சதும் கூரை உயரம் பாத்தாலே தெரியுது இது ஒரு காலத்துல தியேட்டர்னு. சுவர்ல குஷிங்கோட போட்டோ, பட போஸ்டர்னு மாட்டியிருக்காங்க. வெதர்ஸ்பூன் பப்புங்கள்ல பெரும்பாலும் பாட்டு போட மாட்டாங்க, இங்க அது ரொம்ப பொருத்தமா இருந்துச்சு, அப்பா ஒவ்வொரு போட்டோவா நின்னு பாத்து கதை சொல்றது எனக்கு தெளிவா கேட்டுச்சு. ஒரு நடிகருக்கு சிலை வெக்கறத விட, அவரு முப்பத்தஞ்சு வருஷம் வாழ்ந்த ஊர்ல ஒரு பழைய தியேட்டருக்கு அவர் பேர வெச்சது எவ்வளவோ மேல்னு தோணுச்சு.

நம்ம ஆளுங்க பல பேருக்கு அவர் முகம் தெரியும் பேரு தெரியாது. 1977ல வந்த ஸ்டார் வார்ஸ்ல டார்த் வேடரையே அதட்டி நிறுத்துவாரே ஒல்லியா ஒருத்தரு, டார்கின், அவருதான். குடுத்த பூட்ஸ் கால கடிச்சதால நிறைய சீன்ல வீட்டு செருப்பு போட்டுக்கிட்டு நடிச்சாராம், இடுப்புக்கு மேல மட்டும் எடுங்கன்னு டைரக்டர்கிட்ட கேட்டுக்கிட்டாராம். கால்ல செருப்புன்னு தெரிஞ்சு பாத்தாலும் அந்த கண்ணுல இருக்கிற குரூரம் கொஞ்சம் கூட குறையல, அதான் நடிப்பு.

1913ல சர்ரேல கென்லில பொறந்தவரு. முதல்ல கவுன்சில் ஆபீஸ்ல சர்வேயருக்கு அசிஸ்டன்ட் வேலை, மனசு பூரா நாடகம். 1939ல ஹாலிவுட் போயி சின்ன சின்ன ரோல் பண்ணாரு, லாரல் ஹார்டி படத்துல கூட இருக்காரு, போர் சமயத்துல திரும்பி வந்துட்டாரு. வந்தும் உடனே ஒண்ணும் கிடைக்கல, சில்க் ஸ்கார்ஃப்ல டிசைன் வரைஞ்சு பொழைச்ச காலமும் இருந்துச்சு. 1948ல லாரன்ஸ் ஒலிவியர் எடுத்து நடிச்ச ஹேம்லெட் படத்துல ஒரு சின்ன வேஷம். பேரு வாங்கி குடுத்தது டிவி: 1954 டிசம்பர்ல பிபிசி லைவ்வா போட்ட ‘நைன்டீன் எய்ட்டி ஃபோர்’ நாடகத்துல (ஜார்ஜ் ஆர்வெல் நாவல்) ஹீரோ வின்ஸ்டன் ஸ்மித்தா நடிச்சாரு, சித்திரவதை சீன பாத்து ஜனங்க பதறி விஷயம் பார்லிமென்ட் வரைக்கும் போச்சு. அப்போ அவருக்கு நாப்பத்தொரு வயசு! அதுக்கப்புறம்தான் பேய்ப் படத்துக்கு பேர்போன ஹாமர் கம்பெனியோட ஃப்ராங்கன்ஸ்டைன் (1957), டிராகுலா (1958), ஷெர்லாக் ஹோம்ஸ் எல்லாம்.

அப்பா சொன்ன அந்த கிளைமாக்ஸ்லயே அவர் கைவேலை இருக்கு. டேபிள் மேல ஓடிப்போயி கர்ட்டன் மேல பாயறதும், ரெண்டு மெழுகுவர்த்தி ஸ்டாண்ட சிலுவையா குறுக்க வெச்சு பிடிக்கறதும் குஷிங்கே சொன்ன ஐடியா. கையில எப்பவும் கண்ணாடி, கத்தி, பேப்பர்னு எதையாவது வெச்சுக்கிட்டே டயலாக் பேசுவாரு, அத பாத்தா இந்த ஆளு நிஜமாவே டாக்டர்னு நம்பிடுவோம். கதை சுமாரா இருக்கிற படங்கள்ல கூட அவரு ஒரு சீன் கூட அலட்சியமா செஞ்சு நான் பாத்ததில்ல. இதுக்காகத்தான் எனக்கு அவர் மேல இவ்வளவு மரியாதை.

இனி சாப்பாடு. மத்தியானம் பீச் பக்கம் வேற ஒரு கடையில (பேரு வேணாம்) முக்கால் மணி நேரம் உக்கார வெச்சுட்டு வெஜ் ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டாங்க, அப்பா பசியோட வந்தாரு. இங்க மெனுல வெஜ்னு தனியா குறி போட்டிருக்கு, டேபிள் நம்பர ஆப்ல அடிச்சா உக்காந்த இடத்துக்கே கொண்டாந்து வெக்கறாங்க. வெஜ் பர்கரும் சிப்ஸும் வாங்கினோம், சூடா வந்துச்சு, சாதாரண பப் சாப்பாடுதான், அதுக்கு மேல எதிர்பாத்து போகாதீங்க. டீ ஒரு தடவ வாங்கினா கப்ப எடுத்துட்டு போயி நாமளே திரும்ப ஊத்திக்கலாம், அப்பா மூணு கப்.

குஷிங்கும் சைவம்தான்னு அப்பாகிட்ட சொன்னேன், வெஜிடேரியன் சொசைட்டிக்கு புரவலரா கூட இருந்தாரு. அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம், “நம்ம நம்பியார் மாதிரி சொல்லு”ன்னாரு. யோசிச்சா ரொம்ப சரி. திரையில பாத்தா குலை நடுங்கும், நேர்ல அவ்வளவு சாது. ஊருக்குள்ள சைக்கிள்ல போவாரு, டீக்கடையில உக்காருவாரு, வீட்டுல ஆயிரக்கணக்குல பொம்மை சோல்ஜர் சேத்து வெச்சிருந்தாரு. டார்கின வெறுக்கற மாதிரி நடிக்கவே கஷ்டமா இருந்துச்சு, அவ்வளவு நல்ல மனுஷன்னு ஸ்டார் வார்ஸ்ல இளவரசி லேயாவா நடிச்ச கேரி ஃபிஷரே சொல்லியிருக்காங்க.

மனைவி ஹெலன் பத்தி தெரியாம அந்த போட்டோக்கள பாத்தா பாதிதான் புரியும். 1943ல கல்யாணம், 1959ல இந்த ஊர்ல வீடு வாங்கினாங்க. 1971 ஜனவரில அவங்க போயிட்டாங்க. அப்போ ஒரு மம்மி படத்துல நடிச்சுக்கிட்டிருந்தவரு, ஒரே ஒரு நாள் ஷூட்டிங்கோட விட்டுட்டு மனைவி பக்கத்துல இருக்க வந்துட்டாரு, வேற நடிகர போட்டு படத்த முடிச்சாங்க. 1972ல ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’ல இறந்துபோன மனைவிகிட்ட பேசற கிழவன் வேஷத்த அவரே கேட்டு வாங்கினாரு, படத்துல அந்த மனைவி பேரும் ஹெலன்தான். எழுபதுகள்ல அவர் முகம் அப்படி ஒட்டிப்போயி இருக்கறதுக்கு மேக்கப் காரணமில்ல. அதுக்கப்புறம் இருபத்திமூணு வருஷம் தனியா இருந்து 1994 ஆகஸ்ட்ல கேன்டர்பரில காலமானாரு. அம்மா போயி நாலு வருஷம் ஆச்சு, அப்பா இத கேட்டுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, நானும் பேசல.

போறவங்க பப்புக்கு மட்டும் போயிட்டு திரும்பாதீங்க. அதே தெருவுல விட்ஸ்டபிள் மியூசியம் இருக்கு, அங்க குஷிங்குக்குன்னு ஒரு பகுதி ஒதுக்கியிருக்காங்க, திறக்கற நாள் பாத்துட்டு போங்க. அப்புறம் கடலோரம் ‘குஷிங்ஸ் வ்யூ’ன்னு ஒரு இடம், அவர் பேரும் ஹெலன் பேரும் போட்டு ஊருக்கு குடுத்த பெஞ்ச் அங்க இருக்கு. நாங்க சாப்ட்டு முடிச்சு அஸ்தமனத்துக்கு அங்க போய் சேந்தோம். பெஞ்ச்ல ஏற்கனவே ஒரு வயசான ஜோடி உக்காந்திருந்தாங்க, அப்பாவ பாத்ததும் நகந்து இடம் குடுத்தாங்க.