பழைய டெலி லென்ஸ்கள்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் பழைய டெலிஃபோட்டோ லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஷார்ப்பா இருக்குமா?" என்றுதான். இருக்கும். 135, 200 மி.மீ. ப்ரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ்களை நன்றாகச் செய்ய அந்தக் காலத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டார்கள். அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளை) ஒரு ஸ்டாப், அதாவது ஒரு படி, இறக்கி எடுத்தால், ஃப்ரேமின் நடுப்பகுதியில் 24 மெகாபிக்சல் சென்சாருக்கும் ஈடுகொடுக்கும். படத்தைக் கெடுப்பவை வேறு இரண்டு: பொருளின் ஓரத்தில் படரும் நிற விளிம்பு, கைக்கு இணங்காத ஃபோகஸ் வளையம். என்னிடம் வந்த லென்ஸ்களில் தங்கியதும் போனதும் இந்த இரண்டை வைத்துத்தான்.

இப்போது இருப்பவை: எம்42 திருகு மவுன்ட் (லென்ஸ் கேமராவில் பொருந்தும் இடம்) சூப்பர் டாக்குமார் 200 மி.மீ. எஃப் 4 (இந்த எஃப் எண் சிறிதானால் துளை பெரிது), சோவியத் தயாரிப்பான ஜூப்பிட்டர் 37ஏ (135 மி.மீ. எஃப் 3.5), நிக்கானின் நிக்கார் 180 மி.மீ. எஃப் 2.8 ஈடி, ஒரு 500 மி.மீ. எஃப் 8 மிரர் லென்ஸ். நான்குமே மேனுவல் ஃபோகஸ். கேமரா, சென்சாரிலேயே ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு) உள்ள ஃபுல் ஃப்ரேம் (36 x 24 மி.மீ. சென்சார்) மிரர்லெஸ், அதாவது உள்ளே நிலைக்கண்ணாடி இல்லாதது.

பழைய லென்ஸுக்கு மிரர்லெஸ் பாடிதான் தோது. மவுன்ட்டிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் நிக்கான் எஃப் மவுன்ட்டில் 46.5 மி.மீ., எம்42-இல் சுமார் 45.5, கேனானின் பழைய எஃப்டி மவுன்ட்டில் 42. மிரர்லெஸ் பாடிகளில் இது 16 முதல் 20 மி.மீ. வரைதான். மிச்சமிருக்கும் இடத்தை அடாப்டர் என்ற ஒரு வெற்றுக் குழாய் அடைத்துவிடும், நடுவில் கண்ணாடி தேவையில்லை. கேனானின் சொந்த ஈஎஃப் மவுன்ட் டிஎஸ்எல்ஆரில் (நிலைக்கண்ணாடி உள்ள கேமரா) இந்தத் தூரம் 44 மி.மீ. அதனால்தான் அதே கம்பெனியின் எஃப்டி லென்ஸை அதில் மாட்டினால், அடாப்டரில் கூடுதல் கண்ணாடி இல்லாமல் தொலைவு ஃபோகஸ் ஆகாது. அந்தக் கூடுதல் கண்ணாடி படத்தை மழுங்கடிக்கும். எஃப்டி லென்ஸ்கள் வெகுகாலம் மலிவாகக் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நிற விளிம்புக்கு வருகிறேன். நீரோரம் நிற்கும் வெள்ளைக் கொக்கை டாக்குமாரில் முழு அபெர்ச்சரில் எடுத்துப் பாருங்கள். கழுத்தின் வெயில்பட்ட ஓரத்தில் ஊதா ஒரு கோடாக ஓடும். ஃபோகஸுக்குப் பின்னால் இருக்கும் புல்லின் பளபளப்பில் பச்சை சாயம் ஏறும். ஒளியின் ஒவ்வொரு நிறமும் லென்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் வெவ்வேறு தூரத்தில் குவிவதன் விளைவு இது. ஃபோகல் லென்த் கூடக்கூட இந்த வித்தியாசமும் கூடும். 5.6-க்கு இறக்கினால் குறையும், 8-இல் ஏறக்குறைய மறைந்துவிடும். ஃப்ரேமின் மூலைகளில் வரும் சிவப்பு–நீலப் பிசிறு வேறு வகை. அது அபெர்ச்சர் குறைத்தாலும் போகாது, ஆனால் எடிட்டிங்கில் ஒரு க்ளிக்கில் போய்விடும். முன்னதை எடிட்டிங்கில் நீக்கப் போனால், கொக்கின் அலகில் உள்ள உண்மையான நிறமும் சேர்ந்து வெளுக்கும்.

இதைத் தீர்க்கத்தான் குறைந்த நிறப்பிரிகைக் கண்ணாடிகள் வந்தன. கேனான் 1969-இலேயே ஃப்ளூரைட் படிகம் வைத்து ஒரு 300 மி.மீ. எஃப் 5.6 கொண்டுவந்தது. நிக்கான் தன் வகைக்கு ஈடி என்று பெயர் வைத்தது. 180 எஃப் 2.8-இன் ஈடி வடிவம் 1981-இல் வந்தது. அதே கொக்கை அதில் 2.8-லேயே எடுத்தால், ஊதாவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே 200 மி.மீ.க்கு மேல் போகிறீர்கள் என்றால், எஃப் எண்ணைப் பார்ப்பதற்கு முன் கண்ணாடியின் வகையைப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடியில் செய்த வேகமான (எஃப் எண் சிறிய) 300-ஐவிட, ஈடி போட்ட 300 எஃப் 4.5-ஐ நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

இந்தக் கண்ணாடிகளால் ஒரு பக்கவிளைவு உண்டு. வெப்பத்தில் ஃபோகஸ் சற்று நகரும் என்பதால், ஃபோகஸ் வளையம் இன்ஃபினிட்டி (மிகத் தொலைவு) குறியையும் தாண்டிச் சுழலும்படி விட்டிருப்பார்கள். பல அடாப்டர்களும் தேவைக்கு ஒரு இழை மெலிதாகவே வருகின்றன. நிலாவை எடுக்க வளையத்தைக் கடைசி வரை திருப்பி நிறுத்தினால் மங்கலாகத்தான் வரும். திரையைப் பெரிதாக்கி, பள்ளங்களின் விளிம்பு தெறிப்பாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். நிலா பெரிதாக வரும் என்ற ஆசையையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். 500 மி.மீ. லென்ஸிலேயே சென்சாரில் அதன் விட்டம் 4.5 மி.மீ. அளவுதான், ஃப்ரேமின் உயரமோ 24 மி.மீ.

இனி வளையம். 180-இல் 2.8 வைத்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் நாலரை செ.மீ. போலத்தான். கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதுக்கு வராது. அந்த இடத்தை விரல்தான் பிடிக்க வேண்டும். நல்ல வளையம் சீரான கனத்தோடு நகரும், விட்ட இடத்தில் நிற்கும், திசை மாற்றும்போது துளியும் ஆடாது. கிரீஸ் காய்ந்த வளையம் முதலில் நகர மறுக்கும், பிறகு தேவைக்கு மேல் தாவும். இதோடு போராடிக்கொண்டு பறவையை எடுக்க முடியாது. சுழற்சி நீளமாக இருப்பதும் நல்லதுதான், ஆனால் அளவோடு. டாக்குமாரில் கிட்டத்திலிருந்து தொலைவுக்குப் போக மணிக்கட்டை இரண்டு முறை மாற்றிப் பிடிக்கிறேன். உருவப்படத்துக்கு அது வரம், கிளைக்குக் கிளை தாவும் மீன்கொத்திக்குச் சாபம்.

ஃபோகஸ் பீக்கிங்கை (ஃபோகஸ் ஆன ஓரங்களைத் திரையில் காட்டும் வசதி) டெலியில் நம்பாதீர்கள். அது நிறமேற்றிக் காட்டும் பட்டை, உண்மையில் தெளிவாக விழும் பட்டையைவிட அகலம். நான் பீக்கிங்கில் கிட்ட நெருங்கி, திரையைப் பெரிதாக்கி முடிப்பேன்.

பெரிதாக்கினால் பார்வை நடுங்கும். அங்கேதான் பாடியின் ஸ்டெபிலைசேஷன் காப்பாற்றுகிறது. ஆனால் பழைய லென்ஸ் தன் ஃபோகல் லென்த்தைக் கேமராவுக்குச் சொல்லாது. மெனுவில் நாமே உள்ளிட வேண்டும். கை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அசைந்தால் 50 மி.மீ. லென்ஸில் பிம்பம் 0.09 மி.மீ. நகரும், 300-இல் அரை மி.மீ.க்கு மேல். 135-ஐக் கழற்றி 180-ஐ மாட்டிவிட்டு எண்ணை மாற்றாமல் விட்டால், ஈடுகட்டல் குறைந்துபோகும். என் பாடியில் ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு எண்ணை ஒரு பட்டனில் போட்டு வைத்திருக்கிறேன். இன்னொன்று, பழைய லென்ஸ் மாட்டியிருப்பது கேமராவுக்குத் தெரியாது, அதனால் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பை இயக்கவில்லை என்றால் சில கேமராக்கள் க்ளிக்கே ஆகாது.

மிரர் லென்ஸைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இதில் ஒளியைக் குவிப்பது வளைந்த நிலைக்கண்ணாடி, எதிரொளிப்பில் நிறம் பிரியாது, அதனால் நிற விளிம்பு அநேகமாக இல்லை. எடையும் நீளமும் 500-க்கு நம்ப முடியாத அளவு குறைவு. பதிலுக்குக் கான்ட்ராஸ்ட் சோகையாக இருக்கும், அபெர்ச்சரை மாற்ற முடியாது, பின்னணியில் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் உளுந்து வடையாக வரும். நல்ல வெயிலில், வெறும் வானப் பின்னணியில் மட்டும் எடுக்கிறேன்.

பழைய ஜூம்களை நான் ஒதுக்கிவிட்டேன். இழுத்துத் தள்ளும் ஒற்றை வளைய ஜூம்கள், லென்ஸின் முன்பக்கத்தைக் கீழே சாய்த்ததும் தானாக நீளும், ஃபோகஸ் திருப்பும்போது ஃபோகல் லென்த்தும் கொஞ்சம் நகரும்.

வாங்கும்போது லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தூசி பொருட்டல்ல. சிலந்தி வலை போல் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, மொத்தமாகப் பால் படர்ந்தது போல் இருந்தால் எண்ணெய் ஆவி படிந்த மங்கல். ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கியிருக்கலாம், அதைத் தொடாதீர்கள். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் இருந்தால் ஸ்பிரிங்கில் இயங்கும் லென்ஸில் வேகம் குறையும். ஜூப்பிட்டரின் பன்னிரண்டு இதழ்களும் கையால் திருப்புபவை, அதில் கொஞ்சம் எண்ணெயைப் பொறுத்துக்கொள்ளலாம். எம்42 லென்ஸில் அபெர்ச்சருக்கான ஆட்டோ–மேனுவல் சுவிட்ச் இல்லையென்றால், பின்னாலுள்ள ஊசியை அமுக்கும் விளிம்பு கொண்ட அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் எல்லாப் படமும் முழு அபெர்ச்சரில்தான்.

பறக்கும் பறவை, விளையாட்டு என்றால் மேனுவல் வேண்டாம். 1993-இல் வந்த கேனான் ஈஎஃப் 400 எஃப் 5.6 போன்ற ஒன்று, அடாப்டரில் கேனானின் மிரர்லெஸ் பாடிகளிலும் ஆட்டோஃபோகஸோடு ஓடும். நிக்கானின் பழைய திருகு இயக்க (கேமராவின் மோட்டார் ஓட்டும்) லென்ஸ்களுக்கு, அதன் மிரர்லெஸ் பாடிகளுக்கான எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் கிடையாது, அவை கையால்தான். மோட்டார் லென்ஸில் எதை வாங்கினாலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மோட்டார் செத்தால் வளையம் வேலை செய்யுமா? ஆரம்பகால ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் சிலவற்றில் கைவளையமே மின்சாரத்தில்தான் சுழலும். மோட்டார் போனால் மேனுவலும் போச்சு.

கனமான லென்ஸை மாட்டிய கேமராவை அதன் அடிப்பக்கத்தில் ட்ரைபாடில் பூட்டாதீர்கள். லென்ஸில் காலர் (ட்ரைபாடில் பூட்டும் வளையம்) இல்லையென்றால், கால் உள்ள அடாப்டரை வாங்கி அந்தக் காலை ட்ரைபாட் தலையில் பூட்டுங்கள். மவுன்ட் வளைவதும் குறையும், ஷட்டர் அதிர்வும் குறையும்.