காபட் மெஷினுக்கு ஹைட்ரோலிக் செட்டிங்: கல்முனையிலிருந்து சைட்டுக்கு வரும் சேவை

கல்முனையிலிருந்து வேனில் வந்து, வீதிக்குத் தார்க் காபட் போடும் பேவர் மெஷினின் ஹைட்ரோலிக் (ஒயில் அழுத்தத்தில் இயங்கும் பாகங்கள்) வேலையைச் சைட்டிலேயே முடித்துத் தருகிறார்கள். மட்டக்களப்பு, அக்கரைப்பற்று இரண்டு பக்கமும் வருவார்கள். மெஷினில் இருந்த கோளாறு இதுதான்: தடிப்பைத் தானாகச் சரிசெய்யும் ஒட்டோ சென்சரை நிறுத்தினாலும் இடப்பக்கம் மட்டும் காபட்டின் தடிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

வந்த உடனே ரிலீஃப் வால்வில் (ஒயில் அழுத்தம் அளவு மீறாமல் காக்கும் வால்வு) ஸ்பெனரை வைக்காதது பெரிய விஷயம். ஒயில் 50 பாகை செல்சியஸுக்கு வரும்வரை மெஷினை ஓடவிட்டார்கள். குளிர்ந்த ஒயில் கெட்டி, அதில் கேஜ் (அழுத்தம் காட்டும் மானி) கூட்டியே காட்டும். அதை நம்பித் திருகினால் மத்தியான வெயிலில் அழுத்தம் போதாது. பிறகு டெஸ்ட் போர்ட்டில் 400 பார் கேஜை மாட்டி, ஸ்கிரீட்டை (காபட்டைச் சமப்படுத்தும் பின்பக்கப் பலகை) முழுக்கத் தூக்கி, லீவரை இரண்டு விநாடி பிடித்தார்கள். சர்விஸ் புத்தகத்தில் 180 பார், கேஜில் 178. எனவே வால்வைத் தொடவில்லை. "கொஞ்சம் கூட்டி விடுவம்" என்று அரைச் சுற்று இறுக்குவது இந்தப் பக்கத்தில் நிறைய நடக்கிறது. அப்படிச் செய்தால் ஹோஸ் வெடிக்கும், பம்ப் தேயும், கசிவு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அடுத்து, தடிப்பைக் கூட்டிக் குறைக்கும் இடப்பக்க லெவலிங் சிலிண்டர். அதன் ரொட்டில் (வெளியே நீளும் தண்டு) மார்க்கரால் கோடு போட்டு எஞ்சினை நிறுத்தினார்கள். 10 நிமிடத்தில் கோடு 6 மில்லிமீற்றர் நகர்ந்திருந்தது. கோளாறு சிலிண்டருக்குள் ஒயிலை அடைக்கும் சீலா, ஒயிலைத் திரும்பவிடாமல் பூட்டி வைக்கும் லொக் வால்வா என்று பிரித்தறியும் இடத்தில்தான் பலர் தடுமாறுவார்கள். இவர்கள் சிலிண்டரை முழுக்க நீட்டி, லைனில் அழுத்தத்தை இறக்கி, ரொட் பக்க ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, பின்பக்கம் மட்டும் அழுத்தம் கொடுத்தார்கள். திறந்திருந்த சிலிண்டர் வாயில் ஒரு சொட்டும் வரவில்லை. ஆக, சீல் நல்லது. லொக் வால்வைக் கழற்றினால் அதன் இருக்கையில் அரிசிக் குறுணி அளவில் ஒரு கறுப்பு ரப்பர் துணுக்கு. பழைய ஹோஸின் உட்புறம் உரிந்து வந்தது. வால்வைக் கழுவிப் பூட்டி, அந்த ஹோஸையும் மாற்றினார்கள். ஸ்கிரீட்டின் லொக் பின்னைப் போடாமல் ஒருவரும் அடியில் போகவில்லை.

ஓட்டிப் பார்த்ததும் ஒழுங்கு. இழுகை (ஸ்கிரீட்டை மெஷினோடு இணைத்து இழுக்கும் கை) 3 மீற்றர் என்றால், செய்த மாற்றம் முழுதாகத் தெரிய 15 மீற்றர் ஓட வேண்டும், முதல் 3 மீற்றரில் ஏறக்குறைய 65 வீதம்தான் வரும். அதுவரை பொறுத்துத்தான் தடிப்பை அளந்தார்கள்.

குறைகளும் உண்டு. ரப்பர் உரிந்த மெஷினில் ரிட்டர்ன் ஃபில்டரை (டாங்கிக்குத் திரும்பும் ஒயிலை வடிப்பது) மாற்றாமல் கிளம்பப் பார்த்தார்கள், கேட்ட பிறகுதான் மாற்றினார்கள். டாங்கியில் கெட்டித்தன்மைத் தரம் 46 ஒயில் இருக்க, விசாரிக்காமல் 68 கேனைத் திறந்தார்கள். கலந்தால் கெட்டித்தன்மை இரண்டுங்கெட்டானாகிவிடும். கடல்காற்றில் ரொட்டின் குரோமில் விழுந்திருந்த துருப் புள்ளிகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவை நல்ல சீலையும் அறுத்துவிடும்.

இவர்களைத் தாராளமாகக் கூப்பிடலாம். சர்விஸ் புத்தகம், புது ஃபில்டர், டாங்கியில் உள்ள அதே ஒயில் மூன்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கேஜ் கணக்கை எழுதித் தரும் பழக்கம் இவர்களிடம் இல்லை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.