மூன்று வருடம் .22 பிஸ்டலோடு: மேகசின் சிக்கினால் எங்கே தேடுவது?

மூன்று வருடமாக ஒரே .22 டார்கெட் பிஸ்டலில்தான் சுடுகிறேன், 25 மீட்டர் ஸ்டாண்டர்ட் பிஸ்டல் போட்டிக்காக. ஐந்து ரவுண்ட் மேகசின் (தோட்டாக்களை அடுக்கி, பிடிக்குள் செருகும் பெட்டி), மரப்பிடி. முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது ஐப்பசி மழையில்தான் ஆரம்பித்தது. மேகசினை விடுவிக்கும் கேட்ச்சை அழுத்தினால் அது இறங்காது. நகத்தால் அடியைப் பிடித்து இழுக்க வேண்டும். அதே வாரம் மூன்றாவது தோட்டா மேலே ஏறாமல் மூக்கைக் குத்தி நின்றது. போட்டியின் கடைசி நான்கு சீரிஸிலும் ஐந்து தோட்டாவுக்கு 10 நொடிதான். அங்கே இப்படி நின்றால் மனசே உடைந்துவிடும்.

இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்து மேகசினுக்குள் எண்ணெய் விட்டேன். அது தப்பு. இரண்டு நாள் நன்றாக ஓடியது, அப்புறம் முன்பைவிட மோசம்.

கிளப்பில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் அண்ணன்தான் வழி சொன்னார்: "கழற்றுவதற்கு முன்னால் நம்பர் போடு தம்பி." என்னிடம் இருந்த இரண்டு மேகசின்களிலும் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி வைத்தேன். எது எப்போது சிக்கியது என்று ஸ்கோர் நோட்டிலேயே குறித்தேன். நான்கு பயிற்சியில் விஷயம் தெளிவானது. தோட்டா நிற்பது ஒரு புள்ளி மேகசினில் மட்டும். இறங்காமல் பிடிப்பது இரண்டிலும். அப்படியென்றால் தோட்டா நிற்பது மேகசினின் கோளாறு, இறங்காமல் பிடிப்பது பிஸ்டலின் கோளாறு.

சேம்பர் (சுடும்போது தோட்டா இருக்கும் அறை) காலி என்று கண்ணால் பார்த்து, பாதுகாப்புக் கொடியைச் செருகி, பிஸ்டலைத் தள்ளி வைத்துவிட்டு மேகசினைப் பிரித்தேன். அடித்தட்டை நகர்த்தும்போது கட்டைவிரலால் மூடிக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் பாய்ந்து வரும். உள்ளே கண்மை பதத்தில் கறுப்புக் களிம்பு. .22 தோட்டாவின் ஈயக் குண்டில் மெழுகு பூசியிருக்கும். அந்த மெழுகு, வெடிமருந்துக் கரி, நான் விட்ட எண்ணெய் எல்லாம் குழைந்து, தோட்டாவை மேலே தள்ளும் ஃபாலோவர் ஓடும் தடத்தில் அப்பியிருந்தது. சால்வென்ட் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்து, எண்ணெய் இல்லாமலே மாட்டினேன். தோட்டா நிற்பது அன்றோடு சரி.

பிடிப்புக்குக் காரணம் மரப்பிடி. அதன் திருகை அரைச் சுற்று தளர்த்தியதும் காலி மேகசின் தானாக நழுவி உள்ளங்கையில் விழுந்தது. ஈரத்தில் மரம் ஊதி, அடியில் மேகசின் தட்டை அழுத்தியிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் உள்விளிம்பில் ஒரு இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அந்த இடத்தை மட்டும் 400 நம்பர் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி இரண்டு நாள் காயவிட்டேன். மேகசின் உடம்பை ராவவே இல்லை, நீங்களும் ராவாதீர்கள். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் அதன் மேல் உதடு ஒரு இம்மி மாறினாலும் தோட்டா ஏறும் கோணம் கெட்டுவிடும்.

இந்த மழைக்காலம் முழுக்க ஒரு சிக்கலும் இல்லை. இப்போது 200 ரவுண்டுக்கு ஒருமுறை பிரித்துத் துடைக்கிறேன். போன வாரம் இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு புள்ளியினுடையது 4 மி.மீ. குட்டை. புதிதுக்குச் சொல்லியாயிற்று. அது வரும்வரை போட்டிக்கு இரண்டு புள்ளி மட்டும்தான்.