நிறம் கூட்டும் க்ரீமில் பாதரசம்: வாங்கி ஏமாந்தவள் எழுதுகிறேன்

கரும்புள்ளி மறையும், நிறம் கூடும் என்று சொல்லி, என்னென்ன கலந்திருக்கிறது என்ற விவரமே இல்லாத டப்பாவில் க்ரீம் விற்பவர்கள் உங்களையும் தேடி வருவார்கள். வாங்காதீர்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். எனக்கு விற்றவர் அதில் பாதரசம் இருப்பதை மறைத்துத்தான் விற்றார்.

"முழுக்க மூலிகைதான் அக்கா, ரசாயனமே கிடையாது" என்று அவர் அனுப்பிய செய்தி இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. கொடுமை என்னவென்றால், க்ரீம் சொன்னபடியே வேலை செய்தது. தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாதரச உப்புகள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன, முகம் வெளுக்கிறது. ஆனால் பூசியது தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது.

முதலில் தூக்கம் கெட்டது. தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வந்தது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் விரல்கள் நடுங்கின. வேலைப்பளு என்றார்கள், மனக்கவலை என்றார்கள். சிறிது சிறிதாக உடலில் ஏறும் பாதரசம் இப்படித்தான் ஆளைச் சுற்றவிடும். எந்த அறிகுறிக்கும் வேறொரு காரணம் கைவசம் இருக்கும். பிறகு சிறுநீர் நுரைத்தது, கணுக்கால் வீங்கியது. அழுத்தினால் விரல் பட்ட இடம் பள்ளமாகவே நின்றது. சிறுநீரில் புரதம் ஏராளமாக வெளியேறுவதைப் பார்த்த சிறுநீரக மருத்துவர், "முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். பரிசோதனையில் பாதரசம் இயல்பைவிடப் பல மடங்கு இருந்தது.

வீட்டுக்கு வந்து டப்பாவின் அடியில் இருந்த ஸ்டிக்கரை உரித்தேன். அதற்குள் இன்னொரு லேபிள். "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்" என்று பொடி எழுத்தில் இருந்தது. பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து ரசக்கலவையாகிவிடும்; மூலிகைக்கு எதற்கு அந்த எச்சரிக்கை? விற்றவரிடம் கேட்டேன். "மிகக் கொஞ்சம்தான் அக்கா, ஒன்றும் செய்யாது" என்று பதில் போட்டுவிட்டு என் எண்ணை முடக்கிவிட்டார். ஆக, தெரிந்தேதான் விற்றிருக்கிறார்.

அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லைத்தான் நம்பக் கூடாது. உள்ளே போன பாதரசத்தில் பாதி வெளியேறவே ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். தினமும் பூசினால் பழையது போகுமுன் புதியது சேர்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை முதலில் அழகுப்பொருள்களில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கூடாது என்று வரம்பு வைத்தது. 2023-இல் கூடிய நாடுகள் அந்த வரம்பையும் நீக்கி, பாதரசம் சேர்த்த அழகுப்பொருள்களை 2025-க்குள் அறவே ஒழிக்க முடிவு செய்தன. இப்படி விற்பவர்கள் எந்த விதியைப் பார்க்கிறார்கள்?

எனக்கு ஆறவே ஆறாதது வேறு. என்னோடு படுத்துறங்கும் என் சின்ன மகளின் சிறுநீரிலும் பாதரசம் கூடுதலாக இருந்தது. அவள் அந்த டப்பாவைத் தொட்டதே இல்லை. தலையணை உறை, துண்டு, என் கன்னம், இவை வழியாகவே போயிருக்கிறது. பூசிய பாதரசம் ஆவியாகி அறைக் காற்றிலும் கலக்கும். கர்ப்பிணி இருக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

கலந்திருப்பவற்றின் பட்டியல் போட்டிருக்கும் க்ரீம் என்றாலும் கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக் அயோடைடு, அம்மோனியேட்டட் மெர்குரி போன்ற பாதரசச் சேர்மங்களின் பெயர்கள் இருந்தால் தொடாதீர்கள். வெளிச்சமும் காற்றும் பட்டுச் சாம்பல் நிறமாக மாறும் க்ரீமையும் சந்தேகப்படுங்கள்.

பூசியிருந்தால் மருத்துவரிடம் சொல்லிச் சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். மீன் வழியாக வரும் பாதரசம் பெரும்பாலும் ரத்தத்தில்தான் தெரியும், க்ரீமில் உள்ளது சிறுநீரில் தெரியும். நச்சு நீக்கும் மருந்து என்று யாரோ விற்பதை வாங்கிக் குடிக்க வேண்டாம். தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். டப்பாவைக் குப்பையில் வீசாமல், கழுவிக் கொட்டாமல், காற்றுப் புகாத பையில் கட்டி வையுங்கள். ஆய்வகம் சோதிக்க அதுதான் சான்று. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் நான் கொடுத்த புகாரோடு டப்பா, இரண்டு லேபிள்கள், அவர் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன்.